லரி குவோங்கின் ஒரு நிமிடம்

1948 மார்ச் 13, சனிக்கிழமை இரவு. மொன்றியல் நகரின் ஃபோறம் அரங்கில் கனேடியன்ஸ் அணியும் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ரேஞ்சர்ஸ் அணியின் வாங்கில், அன்றுதான் முதன்முறையாக அந்தச் சீருடையை அணிந்த 24 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐந்தடி ஆறு அங்குல உயரம், ஒல்லியான உடல், சீன முகம். பெயர் லரி குவோங்.

ஐஸ் ஹொக்கி இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆடப்படுவது. பனித்தளத்தில் முழு வேகத்தில் ஓடுவதால் ஒருவரால் ஒரே மூச்சில் அதிக நேரம் ஆட முடியாது. ஆட்டக்காரர்கள் வாங்கிலிருந்து முறை வைத்து உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். அன்றிரவு முதல் பகுதி முடிந்தது. குவோங்குக்கு முறை வரவில்லை. இரண்டாம் பகுதியும் முடிந்தது. மூன்றாம் பகுதியின் கடைசி நேரத்தில் பயிற்றுநர் அவரை உள்ளே அனுப்பினார். ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு மீண்டும் வாங்கு. ரேஞ்சர்ஸ் 3-2 என்று தோற்றது. தேசிய ஹொக்கி லீக்கில் அவருக்கு அடுத்த ஆட்டம் கிடைக்கவே இல்லை.

லீக்கின் பதிவேட்டில் அவருக்கான வரி மிகச் சிறியது: ஆட்டம் 1, கோல் 0, கோலுக்கு உதவி 0, புள்ளி 0. அந்த வரிக்கு வெளியே இன்னொரு தகவல் உண்டு. அந்த லீக்கில் ஆடிய முதல் ஆசிய வம்சாவளி வீரர் அவர்தான். இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த 'முதல்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். அந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் ஹொக்கி ஆடினார் என்பது அடிக்குறிப்பாகிப் போகிறது. எனக்கு அந்த இருபது ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

*

குவோங் பிறந்தது பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் ஒகனாகன் பள்ளத்தாக்கிலுள்ள வேர்ணன் என்ற சிறு நகரில், 1923 ஜூன் 17 அன்று. 15 பிள்ளைகளில் கடைசிக்கு முந்தியவர். தந்தை கன்ரன் பகுதியிலிருந்து தங்கம் தேடி வந்தவர். தங்கம் கைகொடுக்காததால் வேர்ணனில் ஒரு மளிகைக் கடை போட்டார். கடையின் பெயர் குவோங் ஹிங் லுங். நிறைந்த செழிப்பு என்பது பொருள்.

இங்கே பெயரைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். குவோங் என்பது அவர்களுடைய குலப்பெயர் அல்ல. குலப்பெயர் எங். சீன வழக்கப்படி அது முதலில் வரும். குவோங் என்பது தந்தையின் சொந்தப் பெயரிலும் கடையின் பெயரிலும் இருந்த சொல். ஊரார் கடையை வைத்துக் குடும்பத்தை அழைத்தார்கள், அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. எங் காய் கியோங் என்று பெயரிடப்பட்ட பிள்ளை லரி குவோங் ஆனான். தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறிப் பிள்ளைகளின் பாடசாலைப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் உட்கார்ந்துகொள்வது நமக்கு விளங்காத விடயமல்ல. நம் வீடுகளில் பாதி அந்தக் கதையோடுதான் இருக்கின்றன.

லரி பிறந்து பதினான்கு நாட்களில், 1923 ஜூலை 1 அன்று, கனடாவின் புதிய சீனக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சீனர்கள் தலைவரி கட்டி உள்ளே வரலாம். 1885இல் 50 டொலராகத் தொடங்கிய அந்த வரி 1900இல் 100 ஆகி, 1903இல் 500 டொலராக உயர்ந்திருந்தது. புதிய சட்டம் வரியை நீக்கிவிட்டுக் கதவையே பூட்டியது. அடுத்த 24 ஆண்டுகளில் கனடாவுக்குள் அனுமதிக்கப்பட்ட சீனர்களின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களும், இங்கேயே பிறந்த குழந்தைகளும் அரசிடம் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். சீனக் கனேடியர்கள் பல ஆண்டுகள் அதை அவமான நாள் என்று அழைத்துக் கடைகளைச் சாத்தினார்கள்.

பிரித்தானிய கொலம்பியாவில் பிறந்த சீனருக்கு வாக்குரிமையும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞராகவோ மருந்தாளராகவோ வர முடியாது. இதே மாகாணம்தான் 1907இல் தென்னாசியரின் வாக்குரிமையையும் பறித்தது. இரு சாராருக்கும் அது திரும்பக் கிடைத்தது 1947இல். பின்னால் வந்து இறங்கிய நாம் முதல் தேர்தலிலேயே வரிசையில் நின்று வாக்களித்தோம் என்றால், அதற்கு முன்னே நின்றவர்களில் இந்த மளிகைக் கடைக் குடும்பங்களும் உண்டு.

*

லரிக்கு ஐந்து வயதானபோது தந்தை இறந்துபோனார். கடையைக் குடும்பம் தொடர்ந்து நடத்தியது. சனிக்கிழமை இரவுகளில் ரொறன்ரோவிலிருந்து ஃபொஸ்ரர் ஹியூவிற் வானொலியில் தரும் ஹொக்கி வர்ணனையை நாடே கேட்கும். குவோங் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். வாக்கில்லாத, வேலைகளுக்குத் தகுதியற்றவன் என்று சட்டம் சொன்ன சிறுவனுக்கு அந்தக் குரல் எந்த நிபந்தனையும் போடவில்லை.

வேர்ணன் ஹைட்ரோஃபோன்ஸ் என்ற உள்ளூர் இளையோர் அணியில் ஆடி, 1939இலும் 1941இலும் வயதுப்பிரிவு மாகாணக் கிண்ணங்களை வென்றார். 18 வயதில் ட்ரெயில் ஸ்மோக் ஈற்றர்ஸ் அணி அழைத்தது. 1939இல் கனடாவின் சார்பில் உலகக் கிண்ணத்தை வென்றிருந்த அணி அது. ட்ரெயில் ஓர் உருக்காலை நகரம். அணியில் சேரும் வீரர்களுக்கு உருக்காலையில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. ஆட்டத்துக்கு அல்ல, அந்த வேலைக்காகத்தான் பலரும் அங்கே போனார்கள்.

குவோங்குக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சீனர் என்பதுதான் காரணம். அணித் தோழர்கள் ஆலைக்குப் போக, அவர் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கினார். மாலையில் எல்லோரும் ஒரே சீருடையில் ஒரே பனித்தளத்தில் நின்றார்கள்.

1944இல் இராணுவம் அவரை அழைத்தது. வாக்குரிமை இல்லாதவர்களைப் போருக்கு அழைப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த அரசு, அந்த ஆண்டுதான் சீனக் கனேடியர்களையும் கட்டாய சேவைக்குள் கொண்டுவந்தது. குவோங்கை ஹொக்கிக்காரர் என்று அறிந்து, படையினருக்கான ஆட்டங்களில் ஆடவைத்தார்கள். போர் முடிந்து மீண்டும் ட்ரெயில் சென்று ஆடியபோது நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஆட்களின் கண்ணில் பட்டார். அவர்களுடைய துணை அணியான ரோவர்ஸில் 1946இல் சேர்ந்தார்.

ரோவர்ஸ் ஞாயிறு பிற்பகல்களில் மாடிசன் ஸ்குவெயர் கார்டனில் ஆடும். நியூயோர்க்கின் சைனாரவுண் அவரைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. 1946 நவம்பரில் சைனாரவுணின் மேயர் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஷேவி லீ பனித்தளத்திலேயே அவருக்கு மரியாதை செய்தார். பத்திரிகைகள் அவருக்கு 'கிங் குவோங்' என்று பெயர் வைத்தன. கேலியும் வியப்பும் சம அளவில் கலந்த பெயர்.

1947-48 பருவத்தில் ரோவர்ஸ் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் குவோங்தான். 65 ஆட்டங்களில் 86 புள்ளிகள். ஆனால் அந்தப் பருவம் முழுவதும், மேலே ரேஞ்சர்ஸில் ஆள் குறைந்தபோதெல்லாம், அவரைவிடக் குறைந்த புள்ளி எடுத்த தோழர்கள் முதலில் அழைக்கப்பட்டார்கள். அவருக்கு அழைப்பு வந்தது மார்ச்சில். கிடைத்தது ஒரு நிமிடம்.

*

ஏன் ஒரு நிமிடம்? இங்கேதான் வரலாற்றை எழுதுவது சிக்கலாகிறது.

ரேஞ்சர்ஸுக்காக வாதாட முடியும். லீக்கில் அப்போது ஆறே அணிகள்தான். ஒரு நூற்றுச் சொச்சம் பேருக்கு மட்டுமே இடமுள்ள உலகம். ரேஞ்சர்ஸ் 1942க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறப் போராடிக்கொண்டிருந்த பருவம் அது. இறுக்கமான ஆட்டத்தில் பழகிய வீரர்களையே பயிற்றுநர் நம்பியிருக்கலாம். சீனர் என்பதால் ஆடவிடாதே என்று யாரும் கடிதம் எழுதி வைத்திருக்கவில்லை.

ஆனால் விலக்கிவைப்பவர்கள் கடிதம் எழுதிவைப்பது அரிது. உருக்காலையின் கதவு வெளிப்படையானது, காரணம் சொல்லிச் சாத்தப்பட்டது. வாங்கில் உட்காரவைப்பது வேறு வகை. அங்கே ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக ஒரு நல்ல காரணம் இருக்கும். எல்லா முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரே திசையில் சாய்ந்திருப்பது தெரியும்.

அப்படிப் பக்கத்தில் வைக்க இன்னொருவர் இருக்கிறார். ஹேர்ப் கார்னகி. 1919இல் ரொறன்ரோவில் ஜமேக்கப் பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். கியூபெக் லீக்குகளில் தொடர்ந்து சிறந்த வீரர் விருது வாங்கியவர். குவோங்கின் ஒரு நிமிடம் முடிந்த அதே 1948இல், அதே ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. பார்த்துவிட்டு, கீழ்நிலை அணிகளில் ஆட ஒப்பந்தம் நீட்டியது. அவர் கியூபெக்கில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பணத்தைவிடக் குறைவு. குடும்பஸ்தரான கார்னகி மறுத்துவிட்டார். தேசிய லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. நோர்த் யோர்க்கில் இன்று அவர் பெயரில் ஒரு பனியரங்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் அங்கே ஸ்கேற் பழகுகிறார்கள்.

இதே காலத்தில் பேஸ்போலில் நடந்ததை எதிரே வைத்துப் பார்க்கலாம். ஜக்கி றொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக முதன்முறை இறங்கியது 1947 ஏப்ரல் 15. அன்று மூன்று முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிற்கூட அடிக்கவில்லை. ஆனால் அவரைக் கொண்டுவந்த பிராஞ் ரிக்கி அதை வைத்து முடிவெடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் றொபின்சன் 151 ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்தோடு அவரை வாங்கில் இருத்தியிருந்தால், அவருடைய வரியும் ஒன்று, பூச்சியம், பூச்சியம் என்றுதான் இருந்திருக்கும். திறமை இருந்தால் மேலே வரலாம் என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். திறமையை நிரூபிக்கும் நேரத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி அந்த அறிவுரையில் இல்லை. ஒரு நிமிடத்தில் எதை நிரூபிக்க முடியும் என்று குவோங்கே முதுமையில் கேட்டிருக்கிறார்.

என் தொழில் தரவுத்தளங்களோடு. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் பழைய பதிவுகளைப் புதிய முறைமைக்கு மாற்றிக்கொடுப்பது. அந்த வேலையில் முதலில் கற்பிக்கப்படும் விடயம், பூச்சியமும் வெற்றுப் பெறுமதியும் ஒன்றல்ல என்பது. கணக்கில் பூச்சியம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். வெற்று என்றால் அளக்கவே இல்லை என்று பொருள். இரண்டையும் குழப்பினால் அடுத்த அறிக்கை முழுவதும் பொய்யாகிவிடும். குவோங்கின் வரியில் உள்ள பூச்சியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான். அவை வெற்றாக இருந்திருக்க வேண்டியவை. லீக் அவரை அளக்கவே இல்லை.

*

அளந்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

அந்தப் பருவம் முடிந்ததும் குவோங் ரேஞ்சர்ஸை விட்டு விலகினார். மொன்றியலுக்குத் தென்மேற்கே, துணியாலைகள் நிறைந்த வலிஃபீல்ட் நகரின் பிரேவ்ஸ் அணி அதிக பணம் தருவதாகச் சொன்னது. கியூபெக் சீனியர் லீக் என்ற அந்த லீக்கைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு அணிகளின் கதவுக்கு வெளியே நின்ற நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அங்கேதான் ஆடினார்கள். பின்னாளில் கனேடியன்ஸின் பெருந்தலைவராக விளங்கிய ஜோன் பெலிவோ, 1953வரை தேசிய லீக்குக்கு வர மறுத்து அங்கேயே இருந்தார். வலிஃபீல்ட் அணியின் பயிற்றுநர் டோ பிளேக், பிறகு கனேடியன்ஸ் அணிக்கு எட்டு ஸ்ரான்லி கிண்ணங்களை வென்று கொடுத்தவர்.

பிளேக்கின் கீழ் குவோங்குக்கு முறை வந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம், பருவத்துக்குப் பருவம் வந்தது. 1951இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான வீமி விருதைப் பெற்றார். அதே ஆண்டு வலிஃபீல்ட் அணி அலெக்சாண்டர் கிண்ணத்தை வென்றது. குவோங் பக்கைத் தோழர்களுக்குக் கடத்தும் விதத்தை எதிரணியில் ஆடிய பெலிவோ பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்து மெச்சினார். ரேஞ்சர்ஸ் அறுபது நொடியில் பார்த்த அதே மனிதரைத்தான் பிளேக்கும் பெலிவோவும் வருடக்கணக்கில் பார்த்தார்கள்.

1957-58இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பந்தர்ஸ் அணிக்காக 55 ஆட்டங்களில் 55 கோல்கள். அந்தப் பருவத்தின் நடுவே, 1958 ஜனவரி 18 அன்று, அதே மொன்றியல் ஃபோறம் அரங்கில் பொஸ்ரன் புருயின்ஸ் அணிக்காக இறங்கிய வில்லி ஓரீ, தேசிய லீக்கின் முதல் கறுப்பின வீரரானார். குவோங் அப்போது கடலுக்கு அப்பால் கோல் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிற்சர்லாந்து. அல்ப்ஸ் மலைக் கிராமத்து அணியான அம்ப்ரி-பியோட்டாவில் தொடங்கி, லுகானோ, லொசான் என்று ஆடியும் பயிற்றியும் வாழ்ந்தார். ஹொக்கி இல்லாத மாதங்களில் டெனிஸ் சொல்லிக்கொடுத்தார். 1964இல் அங்கே திருமணம் செய்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். 1972இல்தான் கனடா திரும்பினார்.

திரும்பி வந்து கல்கரியில் அண்ணன் தம்பியாக ஒரு பலசரக்குச் சந்தை நடத்தினார்கள். தந்தை வேர்ணனில் செய்த அதே தொழில். பனித்தளத்தை விட்டு வந்த மனிதர் அரிசியும் காய்கறியும் நிறுத்துக் கொடுத்தார். இதைச் சரிவு என்று படிப்பவர்கள் உண்டு. புலம்பெயர்ந்த குடும்பம் எதுவும் கடையைச் சரிவாகப் பார்ப்பதில்லை.

நான் முதுகலை படித்ததும் கல்கரியில்தான். குளிர்காலம் முழுக்க அந்த நகரம் ஹொக்கியைத் தவிர வேறெதையும் கதைப்பதில்லை. வகுப்பில், பேருந்தில், வேலைசெய்த உணவகத்தில் எத்தனையோ வீரர்களின் பெயர்கள் காதில் விழுந்தன. அதே நகரில் வாழ்ந்துகொண்டிருந்த குவோங்கின் பெயர் ஒருமுறையும் விழவில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் இது மாறியது. வேர்ணனைச் சேர்ந்த பாடசாலை ஆசிரியர் ஒருவர் விடாமல் எழுதியும் பேசியும் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2013இல் பிரித்தானிய கொலம்பியா விளையாட்டுப் புகழரங்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. இரத்த ஓட்டக் குறைபாட்டால் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்திருந்த முதியவர் அப்போது. 2018 மார்ச் 15 அன்று, தன் 94ஆவது வயதில் கல்கரியில் காலமானார். அந்த ஒரு நிமிடத்துக்கு எழுபது ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன.

*

1989இல், வன்கூவர் தீவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி ரொபின் பாவா வொஷிங்ரன் அணிக்காக இறங்கினார். இந்திய வம்சாவளியில் அவர் முதல்வர், மொத்தம் 61 ஆட்டங்கள் ஆடியவர். நம் பிள்ளைகளில் ஒருவர் என்றாவது அந்த லீக்கில் இறங்கினால், அன்றைக்கே 'முதல் தமிழர்' என்று வாழ்த்துப் பதாகைகள் எழும். எழட்டும். முதல் தமிழ் நகரசபை உறுப்பினர், முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர், முதல் தமிழ் நீதிபதி என்று ஆண்டு மலர்களில் பட்டியலிட்டுப் பழகிய சமூகம் நாம். வந்து சேர்ந்த நாடு நம்மைக் கண்டுகொண்டது என்ற ஆறுதல் அதில் இருக்கிறது.

ஆனால் 'முதல்' என்ற சொல் கதவு திறந்த தேதியை மட்டும்தான் சொல்லும். அது கதவுக்குச் சொந்தக்காரருக்கும் வசதியான சொல். இன்று குவோங்கைக் கொண்டாடும் லீக், அன்று மார்ச் 13இல் தான் ஒரு தடையை உடைத்ததாக எழுதிக்கொள்ளலாம். திறந்த கதவு அறுபது நொடியில் மூடிக்கொண்டது என்பதும், அடுத்து அதே பக்கம் வந்த கார்னகி வாசலிலேயே திரும்பினார் என்பதும் அந்தத் தேதிக்குள் அடங்காது.

பட்டியலுக்குள் வராத வரலாறும் நம்மிடம் நிறைய உண்டு. யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகள் கணிதம் படிப்பித்துவிட்டு இங்கே இரவு வேலையில் பெட்டி கட்டிய ஆசிரியர்கள், 'கனேடிய அனுபவம்' இல்லை என்று நேர்முகத்திலேயே திருப்பப்பட்ட கணக்காளர்கள், பொறியியலாளர்கள். இந்த நாட்டின் பதிவேட்டில் அவர்களுடைய வரியும் பூச்சியங்கள்தான். ஆனால் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில், கோயிலின் கணக்குப் புத்தகத்தில், ஊர்ச் சங்கத்தில், வானொலி நாடகத்தில் அவர்கள் வேறொரு லீக்கில் முப்பது ஆண்டுகள் ஆடினார்கள். வலிஃபீல்டில் குவோங் எடுத்த கோல்களைப் போல அவற்றுக்கும் சாட்சிகள் இருக்கிறார்கள். அந்தச் சாட்சிகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஆகவே அடுத்த முறை ஒரு மலருக்காக யாரையாவது நேர்காணும் இளையவர்கள், முதலாவதாக வந்தவரா என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எத்தனை நிமிடம் ஆடவிட்டார்கள்? உங்களுக்குப் பதிலாக யாரை அனுப்பினார்கள்? அதற்குப் பிறகு எங்கே ஆடினீர்கள்? குவோங்கிடம் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க ஆட்கள் வந்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நல்லவேளை, அவர் அதுவரை இருந்தார்.